மயக்க மருந்தும் விறைப்பு ஊசியும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் சத்திரசிகிச்சைக்காக வருபவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மயக்க மருந்து பற்றி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். மருந்தியல் எல்லா ஊருக்கும் பொதுவானது; மருந்து போய்ச் சேரும் உடம்பு பொதுவானதல்ல. வயலுக்குப் பூச்சிகொல்லி தெளித்தவர், பாம்பு கடித்துப் பிழைத்தவர், போரில் பட்ட செல் (எறிகணை) துண்டைப் பல வருடமாக உடம்பில் வைத்திருப்பவர், சிறுநீரகம் பழுதடைந்தவர் என்று இங்கே பலருக்கும் ஒரு பழைய கதை உண்டு. எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக என்பதை அந்தக் கதைதான் பல வேளைகளில் தீர்மானிக்கிறது. கீழே வரும் அளவுகள் விடயத்தை விளங்கிக்கொள்வதற்காகத் தரப்பட்டவை. உங்களுக்கு உரிய அளவை உங்களைப் பார்க்கும் மயக்க மருந்து வைத்தியர்தான் முடிவு செய்வார்.

விறைப்பு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

விறைப்பு ஊசி நரம்பின் வழியில் வேலை செய்கிறது. முழு மயக்கத்துக்கான மருந்து மூளையில் வேலை செய்கிறது. முதலாவதில் நீங்கள் விழித்திருப்பீர்கள், ஆனால் வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. இரண்டாவதில் செய்தி புறப்பட்டாலும் அதை உணர்ந்து நினைவில் வைக்கும் நிலையில் மூளை இருக்காது. முதுகில் போடும் ஊசி முதலாவது வகையைச் சேர்ந்தது. இடுப்புக்குக் கீழே முழுவதும் விறைத்துப்போவதால் பலர் அதையும் முழு மயக்கம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

விறைப்பு ஊசி நரம்பை என்ன செய்கிறது?

ஒரு நரம்பின் வழியே செய்தி ஓடுவது என்றால், அதன் மென்சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்து, வெளியே இருக்கும் சோடியம் அயன்கள் உள்ளே பாய்வது என்று பொருள். லிக்னொக்கெயின், பியூபிவக்கெயின் போன்ற மருந்துகள் இந்த வாயில்களை அடைத்துவிடுகின்றன. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் துருசை இறக்கிவிட்டால் வாய்க்காலில் நீர் ஓடாது. வலிக்கான காரணம் அப்படியே இருக்க, வலி மட்டும் தெரியாமல் போவதும் அவ்வாறுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்த மருந்துகள் வாயிலை நரம்பின் உட்புறத்திலிருந்தே அடைக்கின்றன. உள்ளே போவதற்கு மருந்து மின்னேற்றம் அற்ற வடிவில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வடிவமே கொழுப்பாலான மென்சவ்வைக் கடக்கும். உள்ளே போனபின் மின்னேற்றம் பெற்ற வடிவமே வாயிலைப் பிடித்துக்கொள்ளும். லிக்னொக்கெயின் சில நிமிடங்களிலேயே பிடிப்பதற்கும் பியூபிவக்கெயின் சற்றுத் தாமதித்துப் பிடிப்பதற்கும் ஒரு காரணம், இரண்டிலும் இந்த இரு வடிவங்களின் விகிதம் வேறாக இருப்பதுதான். பியூபிவக்கெயின் புரதத்தோடு இறுக்கமாகப் பிணைவதால் அதன் விறைப்பு பல மணி நேரம் நிற்கும்.

எல்லா நரம்பு இழைகளும் ஒரே வேகத்தில் விறைப்பதில்லை. வலியையும் வெப்பநிலையையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும். தொடுகையும் அழுத்தமும் பின்னர்தான் குறையும். ஆகவே, காயம் தைக்கும்போது இழுபடுவதும் அழுத்துவதும் தெரிந்து, வலி மட்டும் தெரியாமல் இருந்தால், ஊசி சரியாக வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். கூரிய வலி தெரிந்தால் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

1884 ஆம் ஆண்டு கார்ல் கொல்லர் என்ற வைத்தியர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொக்கெயினைப் பயன்படுத்தியதிலிருந்து இந்த மருந்துகளின் வரலாறு தொடங்குகிறது. கொக்கெயினின் அடிமைப்படுத்தும் இயல்பும் நச்சுத்தன்மையும் வேறு மருந்தைத் தேட வைத்தன. இன்று நாங்கள் அன்றாடம் கையாளும் லிக்னொக்கெயினை சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரென் 1943 இல் உருவாக்கினார். 1948 இல் அது பாவனைக்கு வந்தது.

சீழ் பிடித்த பல்லுக்கு ஊசி போட்டும் ஏன் விறைக்கவில்லை?

சீழ் பிடித்த இழையம் அமிலத்தன்மை கூடியது. அங்கே மருந்தின் பெரும் பகுதி மின்னேற்றம் பெற்ற வடிவுக்கு மாறி, மென்சவ்வைக் கடக்க முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும். அழற்சியால் அங்கே குருதியோட்டம் கூடியிருப்பதால் மருந்து விரைவாக அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. பல் வைத்தியர் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துச் சில நாள் கழித்து வரச் சொல்வதோ, பல்லுக்கு அருகில் போடாமல் தாடையின் பின்பக்கத்தில் நரம்பு புறப்படும் இடத்தில் ஊசி போடுவதோ இதனால்தான்.

ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்தது. எனக்கு அந்த மருந்து ஒத்துவராதா?

பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல. பல் வைத்தியத்தில் பயன்படும் லிக்னொக்கெயினுடன் வழமையாக 80,000 க்கு 1 என்ற செறிவில் அதிரனலின் சேர்க்கப்பட்டிருக்கும், அதாவது ஒரு மில்லிலீற்றரில் 12.5 மைக்கிரோகிராம். அது குருதிக் கலன்களைச் சுருக்கி, மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே அதிக நேரம் நிறுத்திவைக்கும். குருதி கசிவதையும் குறைக்கும். அதில் சிறிதளவு குருதியோடு கலந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். லிக்னொக்கெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து கடித்தது, முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது என்றால் அது வேறு கதை. அதை மருந்தின் பெயரோடு எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, பத்திரமாக வைத்திருங்கள். "ஊசி ஒத்துக்கொள்ளாது" என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வைத்தியரால் எதையும் தீர்மானிக்க முடியாது.

விறைப்பு ஊசிதானே, அளவு கூடினால் என்ன ஆகும்?

"ஊசிதானே" என்ற இந்த எண்ணத்தை நாங்கள் உண்மையிலேயே அஞ்சுகிறோம். சோடியம் வாயில்கள் கை கால் நரம்புகளில் மட்டும் இல்லை. மூளையிலும் இதயத்திலும் இருக்கின்றன. மருந்து அளவுக்கு மேல் குருதியில் கலந்தால் அங்கேயுள்ள வாயில்களும் அடைபடும். முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும், வாயில் உலோகச் சுவை தெரியும், காது இரையும், பேச்சுக் குழறும், பிறகு வலிப்பு, அதன் பிறகு இதயத் துடிப்புக் குழம்பி நின்றும் போகலாம். பியூபிவக்கெயின் இதயத்தின் வாயில்களைப் பிடித்தால் மெதுவாகவே விடும் என்பதால் அது இந்த வகையில் லிக்னொக்கெயினை விட ஆபத்தானது.

அதனால்தான் உடல் எடையைக் கேட்கிறோம். அதிரனலின் சேராத லிக்னொக்கெயினுக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 3 மில்லிகிராம், சேர்ந்ததற்கு 7 மில்லிகிராம், பியூபிவக்கெயினுக்கு 2 மில்லிகிராம் என்பவை பொதுவாகக் கொள்ளப்படும் உச்ச அளவுகள். 2 சதவீத லிக்னொக்கெயினில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் இருக்கிறது. எனவே 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அதிரனலின் இல்லாமல் போடக்கூடியது 7.5 மில்லிலீற்றர் மட்டுமே. பெரிய காயம் ஒன்றைத் தைக்கும்போது இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடலாம். ஊசியைச் செலுத்துமுன் வைத்தியர் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பது, முனை குருதிக் கலனுக்குள் இருக்கிறதா என்று அறிவதற்காக. நஞ்சாகிவிட்டால் 20 சதவீதக் கொழுப்புப் பால்மத்தை நாளத்தினூடாக ஏற்றுவார்கள். தொடக்க அளவு ஒரு கிலோகிராமுக்கு 1.5 மில்லிலீற்றர். கொழுப்பில் கரையும் மருந்தை அது தன்பால் இழுத்துக்கொண்டு இதயத்தை விடுவிக்கும்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால்தான் எனக்கு நாரி நோ வந்தது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாட்களுக்கு நோ இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நாரி நோவுக்குக் கர்ப்பகாலத்தில் இளகிய மூட்டுகள், பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது, குனிந்து நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் போன்றவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும். முழு மயக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும் நாரி நோ வருகிறது. இந்தத் தவறான நம்பிக்கையால் தாய்மார் முதுகு ஊசியை மறுப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் நிறைமாதக் கர்ப்பிணிக்கு முழு மயக்கத்தில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பெரியது. வயிற்றில் உள்ளது சுவாசப்பைக்குள் போகும் சாத்தியம் கூடுதல். குரல்வளைப் பகுதி வீங்கியிருப்பதால் சுவாசக் குழாய் வைப்பதும் கடினம்.

அந்த ஊசி போடப்படும் விதத்தைச் சொன்னால் பயம் குறையலாம். உங்களை இருக்க வைத்து, தலையணை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகை வெளித்தள்ளச் சொல்வார்கள். குளிர்ந்த கிருமிநீக்கி முதுகில் பூசப்படும். வளர்ந்தவரில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளென்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், ஊசி அதற்குக் கீழேதான் செலுத்தப்படும். சிறிய கண்ணாடிக் குப்பியில் இருந்து எடுக்கும் பியூபிவக்கெயினில் குளுக்கோசு கலந்திருக்கும். அதனால் அது முண்ணாண் பாய்மத்தை விடக் கனமாகி, உங்களை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் இறங்கும். சிசேரியனுக்கு 2 மில்லிலீற்றர் அளவே போதும். முதலில் பாதம் சூடேறுவதாகத் தோன்றும், பிறகு கால் பாரமாகும். வைத்தியர் குளிர்ந்த பொருளொன்றால் வயிற்றிலிருந்து மேல்நோக்கித் தொட்டு, குளிர் எங்கே தெரியத் தொடங்குகிறது என்று கேட்பார். வெப்பநிலையும் வலியும் ஒரே வகை இழைகளில் போவதால், குளிர் தெரியாத இடத்தில் வெட்டின் வலியும் தெரியாது.

குருதிக் கலன்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளும் விறைத்துப்போவதால் குருதி அமுக்கம் இறங்கும். அப்போது தலை சுற்றும், குமட்டும். உடனே சொல்லுங்கள், எபிட்ரின் அல்லது பினைலெப்ரின் கொடுத்துச் சரிசெய்வார்கள்.

என் முதுகுக்குப் பக்கத்தில் செல் துண்டு இருக்கிறது. முதுகில் ஊசி போடலாமா?

பலருக்குப் போடலாம். துண்டு எங்கே இருக்கிறது, முள்ளென்பையோ முண்ணாணையோ தொட்டிருக்கிறதா, அந்தக் காயத்தால் காலில் பலவீனமோ விறைப்போ மிஞ்சியிருக்கிறதா என்பவையே முக்கியம். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் புதிதாக எடுக்கப்படும். காலில் ஏற்கெனவே உள்ள பலவீனத்தை ஊசிக்கு முன்பே எழுதிவைப்பது உங்களுக்கும் வைத்தியருக்கும் நல்லது. தடுப்பு முகாமில் இருந்த காலத்துப் பழக்கத்தாலோ என்னவோ, காயம் பற்றிக் கேட்டால் சிலர் "விழுந்து அடிபட்டது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். மயக்க மருந்து வைத்தியருக்கு அந்தக் காயம் எப்படி வந்தது என்பது தேவையில்லை. எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், எந்த நரம்பு பழுதானது என்பவை மட்டுமே தேவை.

முண்ணாண் காயத்தால் என் மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்ய அவனுக்கு ஏன் மயக்க மருந்து?

வன்னியில் சக்கர நாற்காலியில் வாழும் பலருக்கும் பொருந்தும் கேள்வி இது. விடையில் இரண்டு பகுதிகள் உள்ளன, இரண்டும் உயிரோடு தொடர்புடையவை.

முதலாவது: அவருக்கு வலி தெரியாவிட்டாலும் உடம்புக்குத் தெரியும். நெஞ்சின் ஆறாவது முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முண்ணாண் அறுபட்டிருந்தால், கீழே நடக்கும் வெட்டு, நிரம்பிய சிறுநீர்ப்பை, இறுகிய மலம் ஆகிய எதுவும் குருதிக் கலன்களைக் கட்டுப்பாடின்றிச் சுருங்கவைத்து, குருதி அமுக்கத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். மேலிருந்து வரவேண்டிய அடக்கும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே வராது. தலையிடி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பகுதியில் மட்டும் வியர்த்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். மூளைக்குள் குருதி கசிந்து இறக்கும் அளவுக்கு இது போகலாம். முதுகில் போடும் விறைப்பு ஊசி இந்தச் சுற்றை அடியோடு அறுத்துவிடும் என்பதால், உணர்ச்சியே இல்லாத ஒருவருக்கு அதைப் போடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது: சக்சமெதோனியம் என்ற தசை தளர்த்தும் மருந்து இவர்களுக்குத் தரக்கூடாதது. நரம்புத் தொடர்பை இழந்த தசை, நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுவரும் அசெற்றைல்கோலினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளைத் தன் மேற்பரப்பு முழுவதும் பரப்பிக்கொள்கிறது. சாதாரணமானவரில் இந்த மருந்து குருதியின் பொற்றாசியத்தை அரை அலகு அளவுக்கே உயர்த்தும். இவர்களிலோ பரவியிருக்கும் வாங்கிகள் எல்லாம் ஒன்றாகத் திறந்து, இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் பொற்றாசியத்தை வெளியே விடும். காயம் பட்டு இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் இந்த ஆபத்துத் தொடங்குகிறது. எப்போது முற்றாக நீங்கும் என்று நம்பியிருக்க முடியாததால், ஆண்டுகள் கடந்த பின்னும் பல வைத்தியர்கள் அதைத் தொடுவதில்லை. உறொக்கியூரோனியம் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. அவசர நேரத்தில், நினைவின்றிக் கொண்டுவரப்படும் ஒருவருடைய பழைய காயம் தெரியாமல் போகலாம். ஆகவே வீட்டார் இந்த மருந்தின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

முழு மயக்கத்தில் என்னென்ன மருந்துகள் போகின்றன?

ஒரே மருந்தால் முழு மயக்கம் தருவது இன்று அரிது. உறங்கவைக்க ஒன்று, வலியை அடக்க ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று, உறக்கத்தைத் தொடரவைக்க ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றின் அளவையும் குறைவாக வைத்திருக்கலாம்.

உறங்கவைப்பதற்கு இன்று அதிகம் பயன்படுவது பால் நிறமான புரோபோஃபோல். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த பால்மத்தில் அது கரைக்கப்பட்டிருக்கிறது. கையில் ஏறும்போது எரியும். அரை நிமிடம் சொச்சத்தில் உறக்கம் வரும். ஒருமுறை கொடுத்த அளவில் ஐந்து பத்து நிமிடங்களில் விழிப்பு வருவது மருந்து அழிந்துவிட்டதால் அல்ல. மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் அது பரவிப் போய்விட்டதால். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இயற்கைப் பதார்த்தத்தின் வாங்கியில் அமர்ந்து, அதன் வேலையைக் கூட்டுவதே இதன் தொழிற்பாடு. செவோபுளூரேன், ஐசோபுளூரேன் ஆகிய ஆவி மருந்துகளும் பெருமளவு அதே வாங்கியிலும் வேறு சில இடங்களிலும் செயற்படுகின்றன.

ஆவி மருந்தின் வலுவை அளக்க ஒரு முறை உண்டு: தோலை வெட்டும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கச் சுவாசப்பையில் எத்தனை சதவீதம் ஆவி தேவை என்று பார்ப்பது. ஐசோபுளூரேனுக்கு அது ஏறத்தாழ 1.2, செவோபுளூரேனுக்கு 2, நைதரஸ் ஒட்சைட்டுக்கு 100 க்கும் மேல். கடைசி எண்ணின் பொருள், நைதரஸ் ஒட்சைட்டு மட்டும் ஒருவரை முழுதாக மயக்காது என்பது. வயது ஏற இந்தத் தேவை குறையும், கர்ப்பத்திலும் குறையும். எழுபது வயதுத் தாத்தாவுக்கும் இருபது வயதுப் பேரனுக்கும் ஒரே அளவு வைப்பதில்லை.

சத்திரசிகிச்சை நடுவில் விழித்துவிடுவேனா?

மிக அரிது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் செய்து 2014 இல் வெளியான பெரிய ஆய்வில், பின்னர் தாமாகவே முறையிட்டவர்கள் ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். அவர்களில் பெரும்பாலானோர் தசை தளர்த்தும் மருந்து பெற்றவர்கள், ஏனென்றால் அந்த மருந்து உறங்கவைப்பதில்லை, அசைவை மட்டுமே நிறுத்துகிறது. ஆகவே தசை தளர்ந்திருக்கும் வேளையில் ஆவியின் அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம்.

போர்க்காலத்தில் போதிய மயக்கமில்லாமல் என் காலை எடுத்தார்கள். மீண்டும் தியேட்டருக்குள் போக நடுங்குகிறது.

2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பகுதிகளில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்துக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. அதை உடம்பால் அனுபவித்தவர்களின் நடுக்கத்தை நாங்கள் கோழைத்தனமாகப் பார்ப்பதில்லை. இதை முதல் நாளே விடுதிக்கு வரும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அன்று காலையில் பதற்றத்தைத் தணிக்கும் மிடாசொலம் போன்ற மருந்து தரலாம். விழித்திருந்து செய்யும் முறையை நீங்கள் விரும்பாவிட்டால், முழு மயக்கத்தைத் தெரிவு செய்யலாம்.

கெற்றமின் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1962 இல் உருவாக்கப்பட்டு 1964 இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட இந்த மருந்து, போர்க்களங்களிலும் பேரிடர்களிலும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. மூளையில் வேறொரு வாங்கியை அடைத்து, மனதை உடம்பிலிருந்து துண்டித்துவிடுகிறது, வலியையும் அடக்குகிறது. மூச்சை அவ்வளவாகத் தாழ்த்தாது, குருதி இழந்தவரின் அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும், ஆவி தரும் இயந்திரம் தேவையில்லை, தசையிலும் ஏற்றலாம். ஆனால் விழிக்கும்போது கொடுங்கனவுகளும் பொய்த் தோற்றங்களும் வரக்கூடும். முன்பு அப்படிப் பயங்கரமான காட்சிகளோடு விழித்த நினைவு உங்களுக்கு இருந்தால், அது மருந்தின் அறியப்பட்ட விளைவு, புத்தி பேதலிப்பு அல்ல. வேறு மருந்தைத் தெரிவு செய்யவோ, கூடவே மிடாசொலம் தரவோ முடியும். அகற்றிய காலில் இன்றும் வலி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். முதுகு ஊசியின்போது அந்த வலி சிலருக்குத் தற்காலிகமாகத் திரும்பி வருவதுண்டு.

வயலுக்குப் பூச்சிகொல்லி அடிக்கிறேன். அதற்கும் மயக்க மருந்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. ஓர்கனோபொஸ்பேற்று, காபமேற்று வகைப் பூச்சிகொல்லிகள் கோலினெஸ்தரேஸ் என்ற நொதியத்தை முடக்கியே பூச்சியைக் கொல்கின்றன. மனிதரிலும் அதே நொதியத்தைத்தான் முடக்குகின்றன. மேலே சொன்ன சக்சமெதோனியம் ஒரு நிமிடத்துக்குள் தசையைத் தளர்த்தி ஐந்து முதல் பத்து நிமிடங்களில் நீங்கிவிடுவதற்குக் காரணம், குருதியில் உள்ள இந்த நொதியம் அதை உடனே உடைத்துவிடுவதுதான். நொதியம் முடங்கியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் மணிக்கணக்காக நீளலாம். மூச்சுத் தசைகளும் அவ்வளவு நேரம் அசையாது. பூச்சிகொல்லி நஞ்சாகி வைத்தியசாலையில் இருந்தவருக்கு இந்த நொதியம் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் எடுக்கும். காலபோகத்தில் வாய்மூடியோ கையுறையோ இல்லாமல் நாள் முழுவதும் தெளித்துவிட்டு, குடல்வால் அழற்சியோடு இரவில் வந்து சேர்பவர் அதைச் சொன்னால் வைத்தியர் வேறு மருந்தை எடுப்பார்.

இதே நொதியம் பிறவியிலேயே குறைபாடாக இருப்பவர்களும் உண்டு. குறைபாடு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் கடுமையாகத் தெரியும் என்பதால், மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்புக் கூடுதல். "அண்ணனுக்கு ஒப்பரேஷன் முடிந்து வெகுநேரம் மூச்சு வரவில்லை, மெசினில் வைத்திருந்தார்கள்" என்று வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அது எங்களுக்கு விலைமதிப்பற்ற தகவல். மயக்கத்தின்போது உடம்பு கொதித்து ஒருவர் இறந்தார் என்ற குடும்பக் கதையும் அவ்வாறே. ஆவி மருந்துகளும் சக்சமெதோனியமும் சில குடும்பங்களில் அத்தகைய கொடிய காய்ச்சலைத் தூண்டும். டான்றொலீன் அதற்கான மருந்து.

பாம்புக்கடி வாங்கியவருக்கு மயக்கம் கொடுக்கலாமா?

ஆண்டுகளுக்கு முன் கடித்து முழுதாகக் குணமடைந்தவருக்குத் தடையில்லை. கண்ணாடி விரியன் கடியால் சிறுநீரகம் பழுதடைந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். அண்மையில் கடித்திருந்தால் நிலைமை வேறு. நாகத்தின் நஞ்சு தசையின் அசெற்றைல்கோலின் வாங்கியை அடைக்கிறது; தியேட்டரில் நாங்கள் கொடுக்கும் அற்றாக்கியூரியம் என்ற தசை தளர்த்தும் மருந்தும் அடைப்பது அதே வாங்கியைத்தான். வெறுந்தரையில் படுத்து உறங்குபவரை நள்ளிரவில் தீண்டும் கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பு முனையையே அழிக்கிறது. புதிய முனை வளரும்வரை பல நாள் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். நாகக்கடியில் உதவக்கூடிய நியோஸ்டிக்மின் அங்கே கைகொடுக்காது. இத்தகைய உடம்பு தசை தளர்த்தும் மருந்தின் சிறிய அளவுக்கே படுத்துவிடும்.

கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாமல் செய்யும். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால், முதுகில் ஊசி போடக்கூடாது. முண்ணாணைச் சுற்றிக் குருதி தேங்கி, கால் நிரந்தரமாக விழுந்துவிடலாம்.

எனக்குச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது.

வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருப்பதால் இதைத் தவறாமல் கேட்கிறோம். வலி அடக்கும் மருந்தான மோர்பின் ஈரலில் மாற்றமடைந்து உருவாகும் பொருள் ஒன்று, மோர்பினைப் போலவே மூச்சைத் தாழ்த்தும் வலுவுடையது. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் குருதியில் சேர்ந்துகொண்டே போகும். பெதிடினின் கழிவுப் பொருள் வலிப்பைத் தூண்டும். டைக்குளோபினக் மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவற்றுக்குப் பதிலாகப் பென்ரனில், பரசிற்றமோல் ஆகியவற்றோடு நரம்பை விறைக்கவைக்கும் முறைகளையும் பயன்படுத்தலாம். தசை தளர்த்துவதற்கு அற்றாக்கியூரியம் பொருத்தமானது: அது உடல் வெப்பத்திலும் குருதியின் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகிறது, எந்த உறுப்பையும் எதிர்பார்ப்பதில்லை.

கள்ளு, கசிப்பு, வெற்றிலை பற்றியெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்?

குற்றம் காண்பதற்கு அல்ல. நாள்தோறும் குடிப்பவருக்கு உறங்கவைக்கும் மருந்து கூடுதலாகத் தேவைப்படும். குடித்த வெறியோடு வருபவருக்குக் குறைவாகவே போதும். கஞ்சா, ஹெரோயின், ஐஸ் ஆகியவையும் அளவை மாற்றும். பாக்கும் புகையிலையும் நெடுங்காலம் மென்றவருக்கு வாய் திறப்பது குறைந்து, சுவாசக் குழாய் வைப்பது கடினமாகலாம்.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு?

சோறு, கஞ்சி, பால்தேநீர், பால்மா ஆகியவற்றுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கும் பால் கலக்காத வெறுந்தேநீருக்கும் 2. மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் தடுப்பதற்கு உடம்பிடம் எதுவும் இல்லை. "ஒரு வாய்க் கஞ்சிதானே" என்று குழந்தைக்கு ஒளித்துக் கொடுத்த அம்மம்மா அதை எங்களிடம் சொல்லிவிட்டால் போதும். சத்திரசிகிச்சையைச் சற்றுத் தள்ளிவைப்போம், யாரும் ஏச மாட்டோம்.

வழமையான குளிசைகளை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குருதி அமுக்கக் குளிசைகளில் சிலவற்றை அன்று காலையிலும் எடுக்க வேண்டும், சிலவற்றை விட வேண்டும். நீரிழிவுக் குளிசைகள் பொதுவாக அன்று காலை நிறுத்தப்படும். குருதியை இளக்கும் மருந்துகளுக்கு, குறிப்பாக முதுகு ஊசி திட்டமிட்டிருந்தால், நாட்கணக்கு உண்டு. சித்த, ஆயுள்வேத மருந்துகளையும் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

அன்றே வீட்டுக்கு விட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

முழு மயக்கமோ உறக்க மருந்தோ பெற்றவர் 24 மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்டக்கூடாது, மது அருந்தக்கூடாது, தனியே இருக்கக்கூடாது. நன்றாகப் பேசுகிறார் என்பதால் மருந்து முற்றாக நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லுக்கு ஊசி போட்ட பிள்ளை விறைத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். விறைப்பு நீங்கும்வரை சூடான தேநீரும் கடிக்கும் உணவும் கொடுக்காதீர்கள்.

முதுகு ஊசிக்குப் பின் முதல் மூன்று நாட்களுக்குள், எழுந்து இருந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி சிலருக்கு வரும். ஊசித் துளையால் முண்ணாண் பாய்மம் கசிவதே காரணம். படுத்திருந்து, நிறைய நீராகாரமும் தேநீரோ கோப்பியோ குடித்து, பரசிற்றமோல் எடுத்தால் பெரும்பாலும் தீரும்; தீராவிட்டால் சொந்தக் குருதியைச் சிறிதளவு எடுத்து அந்த இடத்தில் ஏற்றி அடைக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் தலையிடியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தாலோ, விறைப்பு நீங்கி நடந்தவருக்கு மீண்டும் கால் பலவீனமானாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உட்கிராமத்துக் கிறவல் வீதியில் இரவில் வாகனம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத் தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கேளுங்கள். முதுகில் ஊசி போட்டதை, எந்த நாள் என்பதோடு, அழைப்பை எடுப்பவரிடமும் வந்து சேரும் வைத்தியசாலையிலும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.